லக்சம்பர்க்: அஞ்சு நாள், டிக்கெட்டுக்கு ஒரு பைசா செலவில்ல

கம்மி பட்ஜெட்ல யூரோப் போறேன்னு சொன்னா லக்சம்பர்க் போங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பணக்கார நாடு கட்டுப்படியாகாதுன்னுதான் சொல்வாங்க. ரூமும் ஹோட்டல் சாப்பாடும் விலை ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன். ஆனா 2020ல இருந்து அங்க பஸ், ட்ரெயின், டிராம் எல்லாமே ஃப்ரீ, ஊர்க்காரங்களுக்கு மட்டும் இல்ல, வெளிய இருந்து போற நமக்கும்தான். ட்ரெயின்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் போனா மட்டும் காசு, அப்புறம் பார்டர் தாண்டி ஜெர்மனி பக்கம் போனா அந்த தூரத்துக்கு டிக்கெட் எடுக்கணும்.

முத நாள் பஸ்ல ஏறினதும் கை தானா பர்ஸுக்குப் போச்சு, டிரைவர் சிரிச்சுக்கிட்டே உள்ள போய் உக்காருன்னு கைய காட்டினாரு. அந்த நிமிஷமே இந்த நாடு எனக்குப் புடிச்சுப் போச்சு.

இதோட உண்மையான லாபம் மிச்சமாகுற காசு மட்டும் இல்லங்க, நடக்குறவங்களுக்குத்தான் அருமை தெரியும். எக்டர்நாக்ங்கிற ஊர்ல இறங்கி காட்டுக்குள்ள பெர்டோர்ஃப் கிராமம் வரைக்கும் நடந்தோம், ரெண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி எழும்பி நிக்குது, நடுவுல ஒரு ஆள் போற அளவுக்குத்தான் வழி, பேகை கழட்டி முன்னாடி புடிச்சுக்கிட்டு போனோம், பாறைய தொட்டா சில்லுன்னு பாசி. கால் வலிச்சதும் பெர்டோர்ஃப்லயே பஸ் ஏறிட்டோம், திரும்ப அதே வழி நடக்கணும்னே இல்ல. அந்த ஏரியாவுல இருக்குற முல்லர்தால் டிரெயில் மொத்தம் 112 கிலோமீட்டர், அதையும் இப்படி துண்டு துண்டா பிரிச்சு நடக்கலாம்.

சிட்டில பாஃபென்தால் லிஃப்ட்ட விட்டுடாதீங்க, அதுவும் ஃப்ரீ. பள்ளத்துல இருந்து மேல டவுனுக்கு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே போகலாம்.

குறைன்னா, கிராமத்துப் பக்கம் ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி, டைம் பாக்காம போனா ஸ்டாப்புலயே உக்காந்திருக்கணும். நாங்க தங்குன ஒரு ஹாஸ்டல்ல டவலுக்கு தனியா காசு வாங்கினாங்க, புக் பண்ணும்போது சொல்லவே இல்ல, அது எனக்கு கோவம்தான். சாப்பாட்டுக்கு சூப்பர் மார்க்கெட்ல பிரெட், சீஸ், பழம் வாங்கிக்கோங்க, ஹாஸ்டல்ல கிச்சன் இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

கடைசி நாள் ஷெங்கன் போனோம், ஆமா நம்ம விசால இருக்குற அதே பேருதான், மோசல் ஆத்தங்கரைல ஒரு சின்ன கிராமம், நாடுகளுக்கு நடுவுல பார்டர் செக்கிங் வேண்டாம்னு பேசின ஷெங்கன் ஒப்பந்தத்துல 1985ல கையெழுத்து போட்டது அங்க நின்ன ஒரு கப்பல்ல. அந்த விசாவுக்காக எத்தன பேப்பர், எத்தன பேங்க் ஸ்டேட்மென்ட் குடுத்திருப்போம்! அங்க பாலத்துல நடந்து அந்தப் பக்கம் ஜெர்மனில பெர்ல் ஊருக்குப் போனோம், ஒருத்தரும் பாஸ்போர்ட் கேக்கல. திரும்பி வந்து பஸ் ஏறினோம், அதுக்கும் காசு இல்ல.