பழைய வண்ணாரப்பேட்டைக் கடையில் இருண்ட மிகுபுனைவுகள்

வடசென்னையின் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில் இயங்கும் இந்தப் பழைய புத்தகக் கடைக்குப் பெரும்பாலோர் பாடநூல்களையும் போட்டித்தேர்வுக் கையேடுகளையும் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் ஆங்கில மிகுபுனைவின் (ஃபேன்டசி) இருண்ட செவ்வியல் படைப்புகளை விரும்புவோர் தவறவிடக்கூடாத சரக்கு, இங்கே சிறுவர் நூல் அடுக்கின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. அட்டையில் கோட்டையோ வாளோ இருந்தால் அது பிள்ளைகளுக்கான கதை என்று கடைக்காரர் முடிவுசெய்துவிடுகிறார். கடையின் பெரிய குறையும், இந்நூல்கள் மலிவாகக் கிடைப்பதற்கான காரணமும் அதுவே.

மெர்வின் பீக்கின் ‘டைட்டஸ் குரோன்’ (1946) நாவலில் மந்திரமும் இல்லை, அரக்கனும் இல்லை. எதற்காக என்று எவரும் அறியாத சடங்குகளை நாள் தவறாமல் நிறைவேற்றுவதே கதை நடக்கும் கோட்டையில் வாழ்வோரின் வாழ்க்கை. சமையற்கட்டிலிருந்து தப்பிவரும் ஸ்டீர்பைக் என்னும் பையனின் சூழ்ச்சியால் நூலகம் எரிந்துபோக, நூல்களையே உயிராகக் கருதிய கோட்டைப் பிரபு புத்தி பேதலித்துத் தன்னை ஆந்தையென்று எண்ணத் தொடங்கி, கடைசியில் ஆந்தைகளுக்கே இரையாகிறார். அதன் பின்னும் சடங்குகள் மட்டும் நிற்பதில்லை. ஸ்டீர்பைக்கைவிட அதுதான் என்னை அதிகம் அச்சுறுத்தியது. 1945இல் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமை ஓவியராக நேரில் கண்ட பீக், இந்த வரிசையின் மூன்றாம் நாவலான ‘டைட்டஸ் அலோ’னில் (1959) வேவுபார்க்கும் பறக்கும் உருண்டையையும் சாவின் நெடி வீசும் தொழிற்சாலையையும் படைத்தார். தொழிற்சாலைகள் சூழ்ந்த மணலியிலும் எண்ணூரிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை வாசிக்கப் பெரிய கற்பனை தேவைப்படாது.

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் ‘தி நைட் லேண்ட்’ (1912) நாவலும் இங்கே கண்ணில் பட்டது. சூரியன் அணைந்துபோன எதிர்காலத்தில் எஞ்சிய மனிதர்கள் மாபெரும் உலோகப் பிரமிடுக்குள் அடைந்து வாழ, வெளியே இருளில் பயங்கர உருவங்கள் காத்திருக்கின்றன. கற்பனை அபாரம், வலிந்து பழமையாக்கிய நடையோ பொறுமையைச் சோதிக்கும். அணையப்போகும் சூரியனைக் குறும்போடு கையாளும் ஜாக் வான்சின் ‘தி டையிங் எர்த்’ (1950) கிடைத்தால் அதை முதலில் வாங்குவது நல்லது.

தலைப்பைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. நாமே தரையில் உட்கார்ந்து தேட வேண்டும். முதுகுப் பசை விட்டுப்போன பிரதிகள் பல இருப்பதால், பணம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்ப்பது அவசியம். ஓரளவு பேரத்துக்கும் கடைக்காரர் இடம்கொடுக்கிறார். தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பண்டிகைக் காலத்து மாலைகளை மட்டும் தவிர்க்கவும்.