உப்புநீருக்குப் போகும் படகு டிரெய்லர்: எந்த சர்ஜ் பிரேக் ஆக்சுவேட்டர்?

ஹூஸ்டனுக்குத் தெற்கே கால்வெஸ்டன் விரிகுடாவில் இறங்கும் 21 அடிப் படகு எங்களுடையது. படகு, 150 குதிரைத்திறன் எஞ்சின், நிரம்பிய பெட்ரோல் தொட்டி, இரட்டை அச்சு டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 5,000 பவுண்டை நெருங்கும். டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். புளோரிடாவில் அந்த வரம்பு 3,000 பவுண்டு. டிரெய்லரோடு வந்த பழைய ஆக்சுவேட்டர் (டிரெய்லரின் முன்முனையில் இருந்து அதன் பிரேக்கை இயக்கும் கருவி) துருப்பிடித்து இறுகிவிட்டதால் புதிது வாங்க வேண்டியிருந்தது. சந்தையில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்த பின், துத்தநாக முலாம் பூசிய, போல்ட்டில் பூட்டும், யூ.எஃப்.பி. நிறுவனத்தின் ஏ-60 மாடலை வாங்கினேன். ஆகவே, இந்த அலசல் நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சர்ஜ் பிரேக் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததே. பிக்கப்பின் வேகம் குறையும்போது டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது. அப்போது கப்ளரோடு (பிக்கப்பின் பந்தின் மேல் பூட்டும் பகுதி) சேர்ந்த உள்பகுதி, டிரெய்லர் சட்டத்தில் நிலையாக நிற்கும் வெளிக்கூட்டுக்குள் சறுக்கி, மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, பிரேக் ஆயில் சக்கரங்களுக்குப் பாய்கிறது. டிரெய்லர் பிரேக்குக்கு மின்கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர் எதுவும் பிக்கப்பில் தனியாக வேண்டாம் என்பதால், நண்பரின் வண்டியை இரவல் வாங்கிப் படகை இழுத்தாலும் பிரேக் அப்படியே வேலை செய்யும்.

இதற்குப் போட்டியாக இருப்பவை இரண்டு. காந்தத்தால் இயங்கும் மின்சார டிரம் பிரேக்கை உப்புநீருக்குள் முக்கி எடுக்கும் டிரெய்லருக்கு நான் கருதிப் பார்க்கவே இல்லை. மற்றொன்று, கன்ட்ரோலரின் கட்டளையை ஏற்று மின்மோட்டார் மூலம் ஹைட்ராலிக் அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப். டிஸ்க் பிரேக்குக்குச் சதுர அங்குலத்துக்கு 1,600 பவுண்டும், டிரம்முக்கு 1,000 பவுண்டும் அழுத்தம் தரும் வகைகள் அதில் உண்டு. சரிவில் பின்னோக்கிப் போகும்போதும் அதன் பிரேக்கைப் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. ஆனால் விலை சர்ஜ் ஆக்சுவேட்டரைப் போலப் பல மடங்கு. பேட்டரி, வயரிங், கன்ட்ரோலர் என்று பராமரிக்க வேண்டியவையும் பெருகும். 5,000 பவுண்டு எடைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு.

வாடகைக்கு ஆட்களை ஏற்றிச்சென்று மீன்பிடிக்க வைக்கும் கைடுகளில் சிலர், வணிக வண்டிகளுக்கு சர்ஜ் பிரேக் செல்லாது என்று இன்னமும் நம்புகிறார்கள். அமெரிக்க மத்திய அரசின் மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகள் 2007-இல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை அப்படியில்லை: 12,000 பவுண்டு வரையிலான டிரெய்லரின் எடை, இழுக்கும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் போல 1.75 மடங்குக்குள் இருந்தால் போதும்.

சர்ஜ் என்று முடிவான பின், விளம்பரங்கள் முன்னிறுத்தும் எண்களில் ஒப்பிட அதிகம் இல்லை. ஏ-60 தாங்குவது 6,000 பவுண்டு மொத்த எடையும் கப்ளரில் 600 பவுண்டு இறங்கும் எடையும். அதே வரிசையில் ஏ-84 என்பது 8,400 பவுண்டுக்கானது. இந்த எடைப் பிரிவில் கப்ளருக்கு 2 அங்குலப் பந்துதான் வழக்கம். மேலே போகப் போக 2-5/16 அங்குலம் வரும். பெரிய கப்ளருக்குள் சிறிய பந்து பொருந்திவிட்டதைப் போலவே தோன்றும், தாழ்ப்பாளும் விழும், வழியில் ஒரு பள்ளத்தில் கழன்றும்விடும் என்பதால் பந்தின் மேல் பொறித்திருக்கும் அளவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

எண்களைவிட முக்கியமானது, டிஸ்க்குக்கான ஆக்சுவேட்டரா டிரம்முக்கானதா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிரம் வகையின் மாஸ்டர் சிலிண்டரில், குழாய்க்குள் எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கிறது. அதை டிஸ்க் பிரேக்கோடு இணைத்தால் பேட்கள் விலகாமல் உரசிக்கொண்டே வரும். நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போய் நிறுத்தினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் சூட்டினால் கை வைக்க முடியாது.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சுவேட்டரை வெல்டிங் செய்து சட்டத்தோடு சேர்ப்பதா, போல்ட்டில் பூட்டுவதா என்ற கேள்வியைப் பலர் உறுதியை வைத்துப் பேசுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் இரண்டும் உறுதிதான். உப்புநீருக்குப் போகும் டிரெய்லருக்கு உண்மையான கேள்வி, சில ஆண்டுகளுக்குப் பின் உள்பகுதியை வெளியே எடுக்க முடியுமா, எடுத்தால் அதற்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பதே.

ஆக்சுவேட்டர் தண்ணீருக்குள் போவதே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். கோடையில் அது பெரும்பாலும் சரி. குளிர்காலத்தில் வாடைக்காற்று இரண்டு நாள் ஊதினால் கால்வெஸ்டன் விரிகுடாவின் நீர் கடலை நோக்கித் தள்ளப்பட்டு, படகை நீரில் இறக்கும் சரிவான ராம்ப்புகளில் தண்ணீர் வெகுவாக வடிந்துவிடும். டெக்சாஸ் சிட்டி டைக் போன்ற இடங்களில் அன்றைக்குப் படகு மிதக்க வேண்டுமென்றால் டிரெய்லரை வழக்கத்தைவிட வெகுதூரம் பின்னுக்கு இறக்க வேண்டும். கப்ளர் வரை நனையும். நனைந்த பின் வெளிப்புறத்தை எல்லாரும் கழுவுகிறார்கள். வெளிக்கூட்டுக்கும் சறுக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள இடுக்கில் தங்கும் உப்புநீர்தான் ஆளைக் கவிழ்ப்பது.

எங்கள் பழைய ஆக்சுவேட்டர் வெறும் பெயின்ட் பூசியது, சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை அறுத்தெடுத்துத் திறந்தபோது, ரோலர்கள் உருள வேண்டிய தடத்தில் துரு அடுக்கடுக்காகச் செதில்போல எழும்பியிருந்தது. ரோலர் ஒன்று சுழலாமல் ஒரே பக்கத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே பிரேக் ஆயில் காப்பி டிக்காஷன் நிறத்தில் நின்றது. அதிர்வைத் தாங்கும் டேம்பர் செத்துப்போனதால்தான் கடைசி மாதங்களில் ஒவ்வொரு சிக்னலிலும் பின்னாலிருந்து 'டங்' என்று இடித்திருக்கிறது. இவற்றில் எதுவும் விலையுயர்ந்த பாகம் அல்ல. ஆனால் அவற்றை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கிரைண்டரை எடுத்துக் கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) சட்டத்தை வெட்ட வேண்டும், பிறகு வெல்டரைத் தேட வேண்டும், வெல்டிங் வெப்பத்தில் கால்வனைஸ் பூச்சு எரிந்துபோன இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். அப்படிப் பூசிய இடத்திலிருந்துதான் அடுத்த துரு தொடங்கும்.

போல்ட் வகையில் வெளிக்கூடு சட்டத்திலேயே நிற்க, நெகிழ்குழாயையும் ரோலர் போல்ட்டுகளையும் கழற்றினால் கப்ளரும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்த உள்பகுதி அப்படியே கையோடு வந்துவிடும். வீட்டு வாசலில், சாதாரண ஸ்பேனர்களோடு, ஒரு முற்பகலில் முடிகிற வேலை. ஏ-60-க்கு மாஸ்டர் சிலிண்டர், டேம்பர், ரோலர், கப்ளர் தாழ்ப்பாள், ரிவர்ஸ் சோலனாய்டு (பின்னோக்கிப் போகும்போது பிரேக்கைத் தடுக்கும் மின்வால்வு) எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. உள்பகுதியை மொத்தமாகவும் வாங்கலாம். யூ.எஃப்.பி. நிறுவனம் இப்போது டிரெய்லர் அச்சுகள் தயாரிக்கும் டெக்ஸ்டரின் கையில் இருப்பதாலும், படகு டிரெய்லர் தயாரிப்பவர்கள் பலர் இதையே பொருத்தி விற்பதாலும், கடற்கரையோரக் கடைகளில் இதன் பாகங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் சோலனாய்டு போனால் அன்று மதியத்துக்குள் வேறொன்று கிடைக்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். டிரெய்லரை விற்கும்போதும் வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

டைட்டன் மாடல் 60, டெம்கோவின் டி.ஏ. வரிசை ஆகியவையும் இதே பிரிவில் நிற்கும் போட்டியாளர்கள்; இரண்டும் பல காலமாகச் சந்தையில் இருப்பவை. டைட்டனை நண்பர் ஒருவரின் டிரெய்லரில் மட்டுமே இழுத்துப் பார்த்திருக்கிறேன். பிரேக் பிடிப்பதில் வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. டெம்கோவை இழுத்துப் பார்த்ததில்லை; அது அயோவா மாநிலத்துத் தயாரிப்பு, பண்ணை டிரெய்லர்களில் நிறையப் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கடையில் இவற்றின் பாகங்கள்தான் கிடைக்கும் என்றால், நான் சொன்ன காரணமே உங்களை அவற்றின் பக்கம் கொண்டுபோகும்.

ரிவர்ஸ் சோலனாய்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போதும் சர்ஜ் ஆக்சுவேட்டர் அமுங்கும். பின்னோக்கிச் சுழன்றால் தானாகவே விடுபடும் டிரம் பிரேக்குகள் உண்டு; டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் 12 வோல்ட்டை வாங்கி, பிரேக் ஆயில் சக்கரங்களுக்குப் போகாமல் தடுக்கும் சோலனாய்டு தேவைப்படுகிறது. கையால் செருகும் பூட்டும் உண்டுதான். அதை எடுக்க மறந்து நெடுஞ்சாலையில் ஏறினால் டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது என்பதால், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சோலனாய்டுக்காக டிரெய்லரில் நான்கு வயர் பிளக்குக்குப் பதிலாக ஐந்து வயர் தட்டைப் பிளக் வேண்டும். ஐந்தாவது நீல வயர்தான் ரிவர்ஸுக்கு. பிக்கப்பில் இருப்பது ஏழு முள் வட்ட சாக்கெட் என்பதால் இடையில் ஓர் அடாப்டர் வரும். அடாப்டர்கள் சிலவற்றில் அந்த நீல வயர், ரிவர்ஸ் விளக்குக்கான நடு முள்ளுக்குப் போகாமல், மின்சார பிரேக்குக்கான முள்ளுக்குப் போகிறது. பிக்கப்பில் பிரேக் கன்ட்ரோலரும் இருந்தால், நீங்கள் பிரேக்கை மிதிக்கும் அதே கணத்தில் சோலனாய்டு உயிர்பெற்று டிரெய்லர் பிரேக்கை அடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும்: சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் போட்டால் ஐந்தாவது முள்ளில் 12 வோல்ட் காட்ட வேண்டும், கியரை எடுத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்தால் ஒன்றும் காட்டக் கூடாது.

வெல்டிங் வகைக்கும் இடம் உண்டு. நன்னீர் ஏரிக்கு மட்டும் போய்வரும் டிரெய்லர், கொட்டகைக்குள் நிற்பது, சொந்தக்காரரே வெல்டர் என்றால், கொஞ்சம் பணம் மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. தொழிற்சாலையிலேயே ஒரே துண்டாக வந்த சட்டத்தில் ஆட்டமும் குறைவு. போல்ட் வகையிலோ துளைகளின் இடைவெளி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. வாங்கும் முன் சட்டத்தின் அகலத்தையும் (பெரும்பாலும் 3 அங்குலம்), துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். புதிதாகத் துளையிட நேர்ந்தால் உள்சுவரின் கால்வனைஸ் பூச்சு போய்விடும். போல்ட்டைப் பூட்டும் முன்பே துத்தநாக ஸ்பிரே அடித்துவிடுங்கள்.

பொருத்திய பின் கவனிக்க வேண்டியவை சில. ராம்ப்பிலிருந்து வந்ததும், கூட்டின் முன்பக்க இடுக்கு வழியாக உள்ளே நன்னீர் பாய்ச்சுவேன். பிரேக் பிடிக்கும்போது உள்பகுதி ஓர் அங்குலத்துக்கு மேல் சறுக்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது டிரம்மாக இருந்தால் ஷூவை நெருக்கிவைக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். டிரெய்லர் கழன்றால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை, பாதுகாப்புச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டாமல் பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும்; சங்கிலியைவிட அது சற்று நீளமாக இருந்தால் திருப்பங்களில் தானாக இழுபடாது.

ஹூஸ்டன் பகுதி தட்டையான நிலம். ஆஸ்டினுக்கு மேற்கே டிராவிஸ் ஏரிப் பக்கம் மலைச்சரிவுகளில் அடிக்கடி இழுப்பவர்களுக்கு என் அனுபவம் அவ்வளவாக உதவாது. நீண்ட இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது டிரெய்லர் தொடர்ந்து முட்டுவதால் சர்ஜ் பிரேக் ஓயாமல் பிடித்துச் சூடேறும். அந்தப் பாதையும் 8,000 பவுண்டுக்கு மேற்பட்ட படகும் சேர்ந்தால், நான் தள்ளிவைத்த மின்பம்பின் விலையை மறுபடியும் விசாரிப்பேன்.