பண்டாரவளை பழைய சாமான் நானா கடை: யுத்தகாலப் பொருள் தேடுவோருக்கு

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பண்டாரவளை டவுனில் யாரிடமாவது "பழைய சாமான் நானா" என்று கேட்டால் கை காட்டுவார்கள். முன்பக்கம் முழுக்கத் தையல் மெசின், கிராமபோன் குழல், தோட்டத்துக் கொழுந்துத் தராசு, கைப்பிடி போன குடைகள். யுத்தகாலப் பொருட்கள் எல்லாம் பின்னறையில். வாய்விட்டுக் கேட்டால்தான் லைட்டைப் போடுவார்.

நான் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது அப்புத்தளையில் வீட்டின் மேல்மாடியை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். கீழே ஹோலில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய இந்த மாதிரிச் சாமான்கள்தான். ஆகவே இந்த மதிப்புரை, பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கிப் போகிறவர்களுக்கு அல்ல. வாங்கினால் அது உண்மையானதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலைநாட்டில் "போர்க்களத்தில் எடுத்தது" என்று யாராவது இரண்டாம் உலகப் போர்ச் சாமான் விற்றால் நம்பவே வேண்டாம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டது கொழும்பில், 9ஆம் திகதி திருகோணமலையில். மலைக்கு யுத்தம் ஏறி வரவில்லை. யுத்தத்தை நடத்தியவர்கள்தான் ஏறி வந்தார்கள். 1944 ஏப்ரலில் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை தில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் வைத்தார். பண்டாரவளைக்குப் பக்கத்துத் தியத்தலாவையில் அதற்கு வெகு முன்பிருந்தே ராணுவ முகாம். இங்கே கிடைக்கிற ஹெல்மெட், தண்ணீர்ப் போத்தல், தகரப் பெட்டி எல்லாம் முகாமில் கிடந்தவை, அல்லது பர்மா போய்த் திரும்பியவர்களின் வீட்டுப் பரணில் கிடந்தவை.

நானா இதை மறைப்பதில்லை. ஒவ்வொரு சாமானிலும் நூலில் ஒரு மட்டை கட்டியிருக்கிறார். "கேம்ப்", "வீடு", "தெரியாது" என்று பேனையால் எழுதியிருக்கும். பெரும்பாலான மட்டைகளில் "தெரியாது"தான். "கதை சொன்னா நாலாயிரம் கூட்டி விக்கலாம் சேர். பொறகு நீங்க வந்து என்னப் புடிப்பீங்களே" என்கிறார். எல்ல பக்கம் போகிற பாதையில் இன்னொரு கடையில் எனக்கு ஒரு பித்தளைத் திசைகாட்டியைக் காட்டி, வெள்ளைக்கார கேப்டன் ஒருவர் சாகும்போது கையில் வைத்திருந்தது என்றார்கள். மூடியில் லண்டன் என்று எழுத்து, அடியில் 1885. அந்த அச்சில் இந்தியாவில் இன்றைக்கும் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வாங்கியதில் பெரியது, 25 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியின் பித்தளைக் கோது, அதாவது சுட்ட பிறகு மிஞ்சும் வெற்று உறை. உயரம் கிட்டத்தட்ட 29 சென்ரிமீற்றர், அடி வட்டம் நல்ல அகலம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 25 பிஆர் என்ற முத்திரை, ஒரு வருடம், பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி. நடுவில் பிறைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் துண்டு) இருந்த ஓட்டை, அதன் மரையில் இன்னும் கறுப்பு. விரலை விட்டால் கரி ஒட்டும். முத்திரை ஒன்றும் ஒரே ஆழத்தில் இல்லை. ஒரு எழுத்து அமுங்கி, அடுத்தது பாதி தேய்ந்து, இன்னொன்று சரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக அடித்தது. போலியில் எல்லா எழுத்தும் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில், சோப்பில் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும்.

.303 துப்பாக்கி வெடியின் வெற்றுக் கோதுகள் ஒரு கிண்ணத்தில் கிடக்கின்றன. பொறுக்கிப் பாருங்கள். கே, எஃப் என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே அம்பு இருந்தால் அது பூனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கீ ஆலையில் செய்தது. கூடவே ஏழு என்பதற்கான ரோம எண் இருக்கும், அது ஏழாம் மாதிரி வெடி. நடுவில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். பள்ளம் இல்லாதது வெடிக்காதது. அது காட்சிப் பொருளும் அல்ல, லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடியதும் அல்ல. அப்படி ஒன்று கிண்ணத்துக்குள் வந்தால் எடுத்து பொலிசில் கொடுத்துவிடுவேன் என்றார் நானா. துப்பாக்கியை அவர் தொடுவதே இல்லை.

ஹெல்மெட் விஷயத்தில் மனுசன் எனக்கே பாடம் எடுத்தார். பிரிட்டிஷ் இரண்டாம் மாதிரி ஹெல்மெட்டின் விளிம்பில் சின்னத் துளைகள் இருந்தால் அது சண்டைத் தரத்துக்குக் குறைந்த இரும்பு, ஊரில் விமானத் தாக்குதல் காவலுக்கு நின்றவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் பின்விளிம்பில் மட்டும் மூன்று துளை வரிசையாக இருந்தால் தென்னாபிரிக்காவில் செய்தது, கழுத்துத் திரை கட்ட விட்ட துளை. அதைப் பட்டாளக்காரன்தான் போட்டான். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஹெல்மெட்டை மலிவாக விற்றவர்களும் இருக்கிறார்கள், மட்டமானதை யானை விலைக்கு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்ததன் மட்டையில் "உள்பக்கம் வேறு ஹெல்மெட்டுடையது" என்று அவரே எழுதியிருந்தார். விலையில் அதற்கு மூவாயிரம் குறைத்தார்.

தியத்தலாவை என்றால் போயர் கைதிகள். தென்னாபிரிக்காவில் பிரிட்டிஷ்காரனோடு சண்டை போட்ட டச்சு வம்சாவளியினர். 1900இல் அங்கிருந்து பிரிட்டிஷ்காரன் பிடித்துக் கொண்டுவந்து, 1902இல் சமாதானம் ஆகும்வரை அடைத்து வைத்தவர்கள். பொழுது போக அவர்கள் மரத்தில் செதுக்கிய பெட்டி, சுங்கான், கைத்தடி எல்லாம் இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடி வாங்கப்படுகின்றன. நானாவிடம் அப்படி ஒரு சின்னப் பெட்டி உண்டு, மூடியில் ஊர்ப் பெயரும் 1901உம். என் கண் அதில்தான் நிலைகுத்தி நின்றது. அவர் பெட்டியைத் திருப்பி, எழுத்தின் ஓரத்தை விரல் நகத்தால் தடவிக் காட்டினார். வெட்டு இன்னும் கூராக இருக்கிறது. பெட்டியின் மூலைகளோ கைபட்டுக் கைபட்டு உருண்டுபோயிருக்கின்றன. பெட்டி பழையது, எழுத்து பிந்தியது. விற்பனைக்கு இல்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காகவாம்.

தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை பொத்தான்களும் உண்டு. 1900இல் தொடங்கிய படை, 1915இல் துருக்கியின் கலிப்பொலிப் போர்முனை வரை போனது. வெள்ளைக்காரன் மட்டும்தான் சேரலாம். எங்கள் பாட்டன் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்ற காலத்துத் துரையின் பொத்தானை என் அலுமாரியில் வைக்க மனம் வரவில்லை. விலையும் ஒரு காரணம்தான்.

உண்மையான மலைநாட்டுப் போர்க்களம் என்றால் அது கண்டி ராச்சியத்துச் சண்டைகள். அந்தச் சாமானை இவர் வாங்குவதில்லை, விற்பதில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது எதுவும் தொல்பொருள் என்கிறது 1940ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதி இல்லாமல் தோண்டினால் புதையல் கேஸ்தான். நான் இருந்தபோதே ஒருத்தர் கைக்குட்டையில் ஈயக் குண்டு ஒன்றை முடிந்து கொண்டு வந்தார். வெள்ளைப் பூத்துக் கிடந்தது. இது 1818 ஊவாக் கலகத்துக் குண்டு, சட்டத்துக்குள் வராது என்று வாதம். "குண்டுல தேதி அடிச்சிருக்கா தம்பி? பதினாலா பதினெட்டாண்டு நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

வடக்கிலிருந்து வருகிற சாமானும் இங்கே கிடையாது. 2009க்குப் பிறகு கோது, தண்ணீர்ப் போத்தல், பெல்ட் என்று கொண்டுவந்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் போத்தல் யாருடையது என்று தேடுகிற தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து விருந்தாளிக்குக் காட்ட என்னால் முடியாது. நானாவுக்கும் இதில் இரண்டாம் பேச்சில்லை.

இனிக் குறை. கடைப் பையன் கையில் பித்தளைப் பொலிஷும் துணியும் கிடைத்தால் போதும், எண்பது வருடக் கறை அரை மணியில் போய்விடும். கறை போனால் பாதி மதிப்பும் போகும், சில முத்திரைகளும் தேயும். நான் இரண்டு கோதைப் பளபளப்பைப் பார்த்தே விட்டுவிட்டேன். வாங்குவதாக இருந்தால் "துடைக்க வேண்டாம், அப்படியே தாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டியும் அடித்துத் தருகிறார்கள். அதை வாங்காதீர்கள். பிளைவுட்டும் அதன் பசையும் மூடிய பெட்டிக்குள் அமில ஆவி விடும், ஈயமும் பித்தளையும் அதில் அரிக்கும். உள்ளே ஒட்டிய கம்பளித் துணி வெள்ளிப் பதக்கத்தைக் கறுப்பாக்கும். என் முதலாம் யுத்தப் பதக்கம் அந்தப் பெட்டியில் ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு நிலக்கரி நிறத்தில் வெளியே வந்தது. சொன்னபோது "எல்லாருக்கும் இதத்தானே குடுக்கிறம்" என்று சிரித்தார்கள். இப்போது இரும்புத் தட்டு, துவைத்த பருத்தித் துணி, மூலையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை. அப்புத்தளை மூடுபனிக்கு அந்தப் பைகளை அடிக்கடி சூடாக்கிக் காய வைக்க வேண்டும்.

விலை எழுதியிருக்காது. கோதுக்கு 21,000 கேட்டார், 17,500க்குத் தந்தார். ஹெல்மெட்டில் அந்த மூவாயிரத்துக்குமேல் இறங்கவில்லை. வங்கி அட்டை எடுப்பதில்லை, காசுதான். ரசீது கேட்டால் மட்டையில் உள்ளதையே, "தெரியாது" உட்பட, எழுதிக் கையொப்பம் வைத்துத் தருவார். அதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை பகலில் ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவார், மூன்று மணிக்குப் பிறகு போனால் ஆறுதலாகப் பேசலாம்.