எஸ்யூ-25 காக்பிட் என்று ஒன்று விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரில் எஸ்யூ-25 என்ற சோவியத் தரைத் தாக்குதல் விமானத்தை ஓட்ட ஆசைப்பட்டு, அதற்கான ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்க்கும் தொகுப்பு) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனி ஆள் ஒருவர் அந்த விமானத்தை, காக்பிட் எனும் விமானி அறையோடு சேர்த்து விற்கிறார். பெயரைப் போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார் என்பதால் போடவில்லை. "முழு 3டி காக்பிட், எல்லா மானியும் ஓடும், எல்லா சுவிட்சும் வேலை செய்யும்" என்பது விளம்பரம். விலை 2,800 ரூபாய்.

வந்தது ஒரு இஎக்ஸ்இ கோப்பு, அதாவது ஓட்டினால் இன்ஸ்டால் செய்யும் நிரல். கூடவே, இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லி ஒரு குறிப்பு. எக்ஸ்-பிளேனில் ஒரு விமானத்தைச் சேர்க்க, அதன் ஃபோல்டரை ஏர்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் போட்டால் போதும், இன்ஸ்டாலரே தேவையில்லை. 2018இல் வேறொரு சிமுலேட்டருக்கான பயணிகள் விமான ஆட்-ஆனின் இன்ஸ்டாலருக்குள் பாஸ்வேர்டு உருவும் நிரல் இருந்தது வெளியே வந்து பெரிய ரகளையானது நினைவிருக்கும். அதனால் முடியாது என்று சொல்லி, ஃபோல்டரை மட்டும் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஜிப் செய்து அனுப்பினார்.

திறந்து உள்ளே உட்கார்ந்தால் எல்லாம் சாம்பல் நிறம். சோவியத் போர் விமானங்கள் பலவற்றின் காக்பிட் நீலப்பச்சையாக இருக்கும், படம் பார்த்த யாருக்கும் தெரியும். சரி, பெயின்ட்தானே என்று விட்டாலும் வேகமானி 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் காட்டுகிறது, உயரமானி அடிக் கணக்கில் காட்டுகிறது. எஸ்யூ-25இல் வேகம் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில். அந்த விமானத்தில் விமானியைச் சுற்றி டைட்டானியக் கவசத் தொட்டி இருக்கிறது, தலைக்குப் பின்னாலும் கவசம். பின்பக்கம் பார்வை மறையும் என்பதால்தான் மேலே பின்னால் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். இதிலோ திரும்பிப் பார்த்தால் வால் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது! காக்பிட் மூடியின் வடிவத்தையும் மானிகள் இருக்கும் பேனலையும் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை: ஏ-10 என்ற அமெரிக்கத் தரைத் தாக்குதல் விமானத்துக்காக யாரோ செய்த காக்பிட். அமெரிக்கன் உள்ளே, ரஷ்யன் வெளியே. அதிலும் பாதி மானிகள் வெறும் படம், எஞ்சினை அணைத்தாலும் முள் அசையாது.

அப்படியானால் விளம்பரத்தில் இருந்த அழகான படங்கள்? பேனலின் வலது மேல்மூலையில் ஒரு டிவி திரை இருந்தது. அது ஷ்க்வால் என்ற, இலக்கைப் பார்க்கும் கருவியின் திரை. சாதா எஸ்யூ-25இல் கிடையாது, டாங்கி வேட்டைக்கென்று பின்னால் செய்த எஸ்யூ-25டி போன்ற வகைகளில்தான் உண்டு. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு சிமுலேட்டரில் அந்த எஸ்யூ-25டி இலவசம். அங்கே எடுத்த படங்களைப் போட்டுத்தான் காசு பார்த்திருக்கிறார். என்ன துணிச்சல்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில், "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் பிரதர்." பிறகு, "டிஜிட்டல் பொருள், டவுன்லோட் செய்துவிட்டால் ரீஃபண்ட் இல்லை." அதற்குப் பிறகு பிளாக். விளம்பரப் படத்தையும் எனக்கு வந்த காக்பிட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இவரிடமோ இவரைப் போன்ற வேறு யாரிடமோ வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், படத்தை நம்பாமல் ஒரு வீடியோ கேளுங்கள். காக்பிட்டுக்குள் இருந்தபடி விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் சோவியத் அடிவான மானியில் குட்டி விமான உருவம்தான் சாயும், அடிவானக் கோடு சாயாது; மேற்கத்திய மானியில் உருவம் அப்படியே நிற்கும், கோடுதான் சாயும். கோடு சாய்ந்தால் உங்களுக்கும் என்னுடைய ஏ-10தான் வரப்போகிறது.