வார்டில் டிபிடி குழு: மூடியதா, திறந்ததா?

டிபிடி என்பது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கடும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை. அதன் திறன் வகுப்பு, வெளிநோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை, வழக்கமாக 24 வாரம் ஓடும். பெரும்பாலான மனநல வார்டுகளில் அத்தனை நாள் யார் இருக்கப் போகிறார்கள்?

மூடிய குழுவில் அதே ஆட்களே தொடர்ந்து வருவதால் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளரும். மனக்கவனம், துயர் தாங்குதல், உணர்ச்சிகளை நெறிப்படுத்துதல், உறவுத் திறன் என்று நான்கு பகுதிகளையும் படிப்படியாக நடத்தலாம். மாதக்கணக்கில் தங்கும் பிரிவுக்கு இது சரி.

திறந்த குழுவில் இன்று சேர்ந்தவரும் நாளை வீடு திரும்புகிறவரும் ஒன்றாக உட்காருவார்கள். அதனால் ஒவ்வொரு அமர்வும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்: ஒரே திறன், சிறு பயிற்சி, அவ்வளவுதான். குறுகிய காலப் பிரிவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். துயர் தாங்கும் திறன்களில் தொடங்கலாம். முகத்தில் குளிர்ந்த நீர் படவைப்பது, மூச்சை மெதுவாக வெளிவிடுவது எல்லாம் அன்றிரவே கைகொடுக்கும். (குளிர்நீர் இதயத் துடிப்பைக் குறைக்கும், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.)

குறை, தொடர்ச்சி அறுந்துபோவது. அதை ஈடுகட்ட இரவுப் பணி நர்ஸுகளுக்கும் இதே திறன்கள் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி பதறும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான், குழு நடத்துபவர் அல்ல.