ரெஸ்யூமைச் சுருக்கித் தருகிறோம் என்று 14,750 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

ரெஸ்யூம் எழுதித் தரும் ஓர் இணையச் சேவையிடம் 14,750 ரூபாயைக் கட்டி இன்றோடு 26 நாள்கள் ஆகின்றன. நேற்று மாலை அவர்கள் என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன். எனக்கு முன்னால் ஏமாந்தவர்கள் அப்படி விட்டுவிட்டதால்தான் எனக்கு யாருடைய எச்சரிக்கையும் கிடைக்கவில்லை. புகார் கொடுக்கப் போவதால் சேவையின் பெயரை எழுதவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன்: உங்கள் ரெஸ்யூமைப் பதிவேற்றினால் இலவசமாக நூற்றுக்கு இத்தனை என்று 'ஏடிஎஸ் மதிப்பெண்' (விண்ணப்பங்களைக் கையாள நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள்தான் ஏடிஎஸ்) காட்டி, அது குறைவு என்று பயமுறுத்தி, மறுநாள் தொலைபேசியில் அழைத்து, நாங்களே எழுதித் தருகிறோம் என்று விற்கும் வகை.

நான் 2013-இல் வேலைக்குச் சேர்ந்தவள். சென்னையில், பெரும்பாலும் வங்கிகளுக்கான ஜாவா, ஆரக்கிள் ப்ராஜெக்ட்களில் வேலை பார்த்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சுக்கு, அதாவது கையில் ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலைக்கு, வந்தேன். சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்குத் தினமும் போய் அட்டையைத் தேய்த்துவிட்டு, அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்குமா அல்லது மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வருமா என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே 23 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. என் ரெஸ்யூம் ஆறு பக்கம் இருந்தது. பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து தரும் சர்வீஸ் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே கிளையன்டுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, கிளையன்ட் யார், எத்தனை பேர் கொண்ட அணி, என்ன பொறுப்பு என்று நிரப்ப வேண்டும். ப்ராஜெக்ட் மாறும்போதெல்லாம் ஒரு கட்டத்தைச் சேர்ப்போமே தவிர எதையும் எடுக்க மாட்டோம். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மேலே உள்ளவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. இதைச் சுருக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். எங்கே கை வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் இரவு அந்தத் தளத்தில் பதிவேற்றினேன். சிவப்பு வட்டத்துக்குள் 38 என்று வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் அழைத்தார், நல்ல தமிழில் பேசினார். "மேடம், உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங். ஆனா ஆறு பக்கத்த எந்த எச்ஆரும் படிக்க மாட்டாங்க. அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடியே மெஷின் தூக்கிப் போட்டுடும்" என்றார். இதன் முதல் பாதி உண்மை என்பதால் இரண்டாம் பாதியையும் நம்பினேன். பிறகு, நீங்கள் செய்ததில் உங்களுக்கே பெருமையான வேலை எது என்று கேட்டார். ஒரு வங்கியின் நாள் முடிவுக் கணக்குக்கான இரவு நேர பேட்ச் வேலை, அதாவது கணினியில் தானாக ஓடும் தொகுப்பு வேலை, நான்கு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தரவுத்தள வினவல்களை மாற்றி எழுதியும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடியவற்றை இணையாக ஓடவிட்டும் நானும் இன்னும் இருவரும் அதை 70 நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம். அதைச் சொன்னேன். "இதத்தான் மேடம் முதல் பக்கத்துல போடணும், இதைப் போய் நாலாவது பக்கத்துல புதைச்சு வச்சிருக்கீங்களே" என்றார். இரண்டு மாதங்களாக என் வேலையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் 40 நிமிடம் கேட்டார். நான் விழுந்த இடம் அதுதான். 2019-இல் அப்பாவின் சிறுநீரகச் சிகிச்சைக்காக ஏழு மாதம் வேலையை விட்டிருந்ததையும் சொன்னேன். அந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய உறுத்தல். "அதெல்லாம் நாங்க அழகா பாத்துக்குவோம்க்கா, கவலப்படாதீங்க" என்றார். மேடம் என்று தொடங்கியவர் அக்கா என்று மாறியது எப்போது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

கட்டணம் 12,500 ரூபாய், ஜிஎஸ்டி 2,250 ரூபாய், ஆக மொத்தம் 14,750 ரூபாய். மூன்று நாளில் இரண்டு பக்க ரெஸ்யூம், 90-க்கு மேல் மதிப்பெண், ஐடி துறையில் இருந்தவரே எழுதுவார், 30 நாள் வரை எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், 45 நாளில் நேர்காணல் அழைப்பு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றார். இவை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். யூபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு தனி மனிதரின் பெயர். என் விரல் தயங்கியது. "அது எங்க அக்கவுன்ட்ஸ் ஹெட் பேருக்கா" என்றார். அனுப்பிவிட்டேன். ஜிஎஸ்டி என்று 2,250 ரூபாய் வாங்கியவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு பில் தரவில்லை, இன்றுவரை தரவில்லை.

மூன்று நாள் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் இரவு 11.40-க்கு ஒரு பிடிஎஃப் வந்தது. இரண்டு பக்கம்தான். ஆனால் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கும் அளவுக்குச் சிறிதாக்கி, ஓரங்களைக் குறைத்து, பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஆறு பக்கத்தில் இருந்த வழக்கமான பொறுப்புகளை அப்படியே உள்ளே திணித்திருந்தார்கள். ஜாவா 90 விழுக்காடு, ஆரக்கிள் 85 விழுக்காடு என்று வண்ணப் பட்டைகள். முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று அவரே சொன்ன பேட்ச் வேலை எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக, குழுவின் உற்பத்தித்திறனை 35 விழுக்காடு உயர்த்தியவர் என்று ஒரு வரி. யார் அளந்த 35? எதை அளந்தது? மருத்துவமனைச் சரக்கு இருப்புக்காக, சாப் என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் மாட்யூல் ஒன்றை நான் செயல்படுத்தியதாகவும் இருந்தது. சாப் பக்கமே நான் போனதில்லை. வேறு யாருக்கோ எழுதியதை எனக்கும் ஒட்டியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது.

அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லி இரவே எழுதினேன். அதிகாலையில் எடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ரெஸ்யூம் வேண்டும் என்று வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஒரு கன்சல்டன்சியில் கேட்டிருந்ததால், மீதியை முழுதாகப் படிக்காமல் அதை அனுப்பினேன். வேர்ட் கோப்பு தராமல் பிடிஎஃப் மட்டுமே தந்திருந்ததால் நானாகத் திருத்தவும் வழியில்லை. ஆனாலும் படிக்காமல் அனுப்பியது என் தவறு.

நான்கு நாள் கழித்து நேர்காணல். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு எதிரில் இருந்தவர் கேட்டார்: "ஸ்பிரிங் பூட் 1.0 வந்ததே 2014 ஏப்ரல்லதாங்க. நீங்க 2013-லயே அதுல ப்ராஜெக்ட் பண்ணினதா போட்டிருக்கே?" ஸ்பிரிங் பூட் என்பது ஜாவாவில் மென்பொருள் எழுத உதவும் ஒரு கட்டமைப்பு. நான் சேர்ந்த ஆண்டையும் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து, 2013 முதல் ஸ்பிரிங் பூட் என்று எழுதிவிட்டிருந்தார்கள். உண்மையில் அந்த முதல் ப்ராஜெக்ட் ஸ்ட்ரட்ஸ் என்ற பழைய கட்டமைப்பில் செய்தது. எழுத்துப் பிழை என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன்பின் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் என் பதிலை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு உண்மையாக வேலை பார்த்துவிட்டு, பொய்யராக ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலைதான் எழுத்தெழுத்தாகப் படித்தேன், அப்போதுதான் அதைவிடப் பெரியது கண்ணில் பட்டது. 2019-இல் இருந்த ஏழு மாத இடைவெளி காணாமல் போயிருந்தது. முந்தைய நிறுவனத்தில் வேலையை விட்ட தேதியை ஏழு மாதம் தள்ளிப்போட்டு மூடியிருந்தார்கள். 'அழகா பாத்துக்குவோம்' என்றதன் பொருள் இதுதான். வெளியில் இருப்பவர்களுக்கு இதன் தீவிரம் புரியாது. ஐடி நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில், பழைய நிறுவனம் விடுவித்துத் தந்த ரிலீவிங் கடிதத்தையும் பிஎஃப் சேவை வரலாற்றையும் பார்க்கின்றன. எந்த நிறுவனம் எந்த மாதம் வரை பணம் கட்டியது என்பது யுஏஎன் என்ற நம் பிஎஃப் எண்ணுக்கான கணக்கில் அப்படியே இருக்கிறது. தேதி ஒத்துவரவில்லை என்றால் கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்காக ஏழு மாதம் வீட்டில் இருந்தேன் என்பதில் மறைக்க எதுவும் இல்லை. அதை மோசடியாக மாற்றிய வேலைக்கு நான் 14,750 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், எழுதியவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். மறுநாள் ஒரு புகார் எண் கொடுத்து 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். 48 மணி நேரம் கழித்து, சாப் வரியை எடுத்ததோடு உங்கள் திருத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் என்றீர்களே என்றால், அது பிரீமியம் திட்டத்துக்கு மட்டும் என்றார்கள். பணம் திரும்பாதா என்றால், உங்களுக்குத்தான் ஒரு நேர்காணல் வந்துவிட்டதே என்றார்கள்! அந்த நேர்காணலைக் கெடுத்ததே அவர்கள் எழுதிய ரெஸ்யூம்தான். கடைசியாக, இன்னும் 4,000 ரூபாய் கட்டினால் சீனியர் ஒருவரை வைத்துப் புதிதாக எழுதித் தருகிறோம் என்று ஒரு பெண் அழைத்தார். முதலில் அக்கா என்று பேசியவர் என் அழைப்பை ஒருமுறைகூட எடுக்கவில்லை. வங்கியில் கேட்டதற்கு, நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம் என்றார்கள்.

தடை செய்யப்படுவதற்கு முந்தைய நாள் ஒன்று செய்தேன். அவர்கள் எழுதித் தந்த அதே பிடிஎஃப்பை, வேறு மின்னஞ்சல் முகவரியில், அவர்களுடைய அதே இலவசச் சோதனையில் பதிவேற்றினேன். 41 என்று வந்தது. சிவப்பு வட்டம், கீழே அதே விற்பனைப் பொத்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு புதிய குரல் அழைத்து, உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங் மேடம் என்று தொடங்கியது. நான் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டார்கள். அன்று மாலைதான் தடை செய்தார்கள்.

நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாள மென்பொருள் வைத்திருப்பது உண்மை. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு மென்பொருள். அது கோப்பிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துச் சேமிக்கிறது, ஆள் எடுப்பவர் அதில் சொற்களைக் கொடுத்துத் தேடுகிறார். பத்திகள், கட்டங்கள், படங்கள் இருந்தால் பிரித்தெடுப்பதில் குழப்பம் வரலாம். அவர்கள் தந்த பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடப் பத்தியும் வலப் பத்தியும் வரிக்கு வரி கலந்து வந்தன, தொலைபேசி எண் படத்துக்குள் இருந்ததால் வரவே இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது, ஒரு பைசாவும் ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய டீம் லீடிடம் ஆறு பக்கத்தையும் கொண்டுபோனேன். பேனாவை எடுத்து முதலில் உறுதிமொழியையும் தந்தை பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அடித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ப்ராஜெக்ட்களுக்குத் தலா ஒரு வரி போதும் என்றார். தேவை ஆய்வு, குறியீடு எழுதுதல், சோதனைக்கு உதவுதல் என்று எல்லாக் கட்டத்திலும் திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டி, "இதத்தானேம்மா எல்லாரும் செய்றாங்க, உன்னால என்ன மாறிச்சுன்னு மட்டும் எழுது" என்றார். நான்கு மணி நேரம் 70 நிமிடமான கதை மேலே வந்தது. 2019 இடைவெளிக்கு, குடும்பத்தில் மருத்துவக் காரணம் என்று ஒரே வரி. ஒன்றரை மணி நேரத்தில் சாதாரண வேர்ட் கோப்பில், ஒரே பத்தியில், இரண்டு பக்கம். ஒரு காபி குடித்தோம், அவ்வளவுதான் செலவு.

மற்றவர்களுக்கு விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது இதற்குமேல் பொறுமை இல்லை. தனி மனிதர் பெயருக்கு யூபிஐயில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி கேட்டால் 15 இலக்க எண்ணைக் கேட்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் உள்ள ரெஸ்யூமை எங்கும் பதிவேற்றாதீர்கள். நான் பதிவேற்றிய அந்த வாரத்திலிருந்து, டெபாசிட் கட்டினால் வேலை உறுதி என்று தினமும் யாராவது அழைக்கிறார்கள். வேர்ட் கோப்பு தராதவர்களிடம் போகவே வேண்டாம்.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிந்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் சான்றுக்காக வாட்ஸ்அப்பைத் திறந்தபோது அவர் அனுப்பிய வாக்குறுதிகள் ஒன்றுகூட அங்கே இல்லை. முதல் நாளே ஏழு நாளில் செய்திகள் தானாக அழியும்படி அமைத்துவைத்திருக்கிறார். என் கையில் மிஞ்சியிருப்பது 14,750 ரூபாய் அனுப்பிய ரசீதும் இரண்டு மின்னஞ்சல்களும்தான். இதே வகைச் சேவைக்கு இந்த வாரம் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உரையாடல் முழுவதையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.