ஈவென்ட் பஸ்ஸில் ஐந்து ஆண்டுகள்

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கான பில்லிங் மென்பொருளை 2018-இல், இணையத் திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பான வியூ 2-ஐக் கொண்டு எழுதினேன். இன்றும் அதைப் பராமரிப்பவன் நான்தான். அதனால் அன்று செய்த ஒவ்வொரு குறுக்குவழிக்கும் வட்டி கட்டியவனும் நானே.

வியூவின் அடிப்படை விதி எளிமையானது. திரை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூறுகள். வெளியே உள்ள தாய்க்கூறு ப்ராப்ஸ் என்ற பண்புகள் வழியாகத் தரவைக் கீழே கொடுக்கும். உள்ளே உள்ள சேய்க்கூறு எமிட் செய்து, அதாவது ஒரு நிகழ்வை எழுப்பி, செய்தியை மேலே அனுப்பும். இரண்டு அடுக்கு வரை சுகம். என் திரையிலோ நான்கு அடுக்குகள். நடுவில் இருந்தவை தமக்குத் தேவையே இல்லாத தரவைத் தபால்காரர்போலச் சுமந்தன. சலித்துப்போய், எங்கிருந்தும் எமிட் செய்து எங்கிருந்தும் கேட்கக்கூடிய ஈவென்ட் பஸ்ஸைப் பிடித்தேன். அதற்கு ஒரு வெற்று வியூ இன்ஸ்டன்ஸ் போதும். பழி முழுவதும் என்மேல் இல்லை: அடுக்குகளைத் தாண்டிச் செய்தி அனுப்ப வியூ 1-இல் இருந்த டிஸ்பேட்ச், பிராட்காஸ்ட் இரண்டையும் நீக்கியபோது அதிகாரபூர்வ வழிகாட்டியே இதை ஒரு மாற்றாகக் காட்டியிருந்தது.

நடத்துநர் இல்லாத பஸ் அது. யார் ஏறினார்கள், யார் இறங்கவில்லை என்று பார்க்க ஆள் கிடையாது. ஒருநாள் கடைக்காரர் பில்லிங் திரைக்குள் மூன்றாவது முறையாகப் போய் 'சேமி' பொத்தானை அழுத்தினார். புதிய பில்லோடு பழைய இரண்டும் மறுபடி பதிவாயின. திரை மூடப்பட்ட பிறகும் அதன் பழைய கேட்பான்கள் (நிகழ்வு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்கள்) பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தன.

நான் செய்த திருத்தம் அதைவிட மோசம். திரை அழியும்போது, கேட்பதை நிறுத்தும் ஆஃப் என்ற கட்டளையை எழுதி, நிகழ்வின் பெயரை மட்டும் கொடுத்தேன். ஃபங்ஷனைக் கொடுக்காவிட்டால் அந்தப் பெயரில் கேட்கும் எல்லோரையும் அது இறக்கிவிடும். பில்லிங் திரையை விட்டு வெளியே வந்ததும் சரக்கு இருப்புப் பலகை ஊமையானது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. பெயர் வைத்த ஃபங்ஷனை, கேட்கத் தொடங்கும் ஆன், நிறுத்தும் ஆஃப் இரண்டிலும் கொடுத்த பிறகே அடங்கியது. மறைந்த திரையை நினைவிலேயே வைத்திருக்கும் கீப்-அலைவ் போட்ட திரைகளில் இதுவும் போதாது. அவை அழிவதில்லை, ஒதுங்கியே நிற்கும். அப்படி ஒதுங்கும்போது ஓடும் டிஆக்டிவேட்டடில் ஆஃப் எழுத வேண்டும்.

வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிவதால் அந்த ஆண்டு வியூ 3-க்கு மாறினேன். அங்கே இன்ஸ்டன்ஸில் ஆன், ஆஃப், ஒருமுறை மட்டும் கேட்கும் ஒன்ஸ் மூன்றுமே இல்லை. ஈவென்ட் பஸ்ஸாகவே பயன்படும் மிட் என்ற நூலகத்தை வைத்து ஒரே மதியத்தில் ஒப்பேற்றினேன். சுமார் 200 பைட்டுதான். ஆனால் ஃபங்ஷன் கொடுக்காத ஆஃப் அங்கேயும் எல்லோரையும் இறக்குகிறது. ஆகவே பில், இருப்பு, வாடிக்கையாளர் ஆகிய தரவுகளைப் படிப்படியாகப் பினியாவுக்கு நகர்த்தினேன். கூறுகள் பகிரும் தரவை ஸ்டோர் என்ற பொது இடத்தில் வைக்கும் வியூ நூலகம் அது.

பினியாவில் மனம் நிறைந்தது டெவ்டூல்ஸ் என்ற பிழைதேடும் கருவியில்தான்: எந்த ஆக்‌ஷன் (ஸ்டோரை மாற்றும் ஃபங்ஷன்) எப்போது எதை மாற்றியது என்று வரிசையாகத் தெரிகிறது. ஸ்டோரைத் தனித்தனி மாறிகளாகப் பிரித்தெடுத்தால் மதிப்பு பிறகு மாறாமல் உறைந்துவிடும், இணைப்பைக் காக்க ஸ்டோர்-டு-ரெஃப்ஸ் வேண்டும் என்பதை எல்லோரையும்போல நானும் பட்டுத்தான் கற்றேன். புது மோகத்தில் தேதித் தெரிவுப் பெட்டி திறந்திருக்கிறதா என்பதைக்கூட ஸ்டோரில் வைத்தேன். ஒன்றைத் திறந்தால் திரையிலிருந்த இரண்டும் திறந்தன. அன்றே அதைக் கூறுக்குள் திருப்பி அனுப்பினேன்.

உள்ளீட்டுக் கூறுகளுக்கு வியூ 3.4-இல் நிலைபெற்ற டிஃபைன்மாடல் போதும். ப்ராப்ஸும் எமிட்டும் சேர்ந்து ஒரே வரியாகின்றன. பழைய விதிதான், கைவலி குறைவு.

மிட்டை முழுவதும் நீக்கவில்லை. பார்கோடு ஸ்கேனர் படிக்கும் எண் அந்த நொடிக்கான செய்தி. சேமித்து வைக்க அதில் எதுவும் இல்லை. திறந்திருக்கும் திரை எதுவோ அது கேட்டுக்கொள்கிறது. ஆனும் ஆஃபும் ஒரே கம்போசபிளுக்குள் (கூறுகள் பகிர்ந்துகொள்ளும் ஃபங்ஷன்) அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.